கால இடைநிலை: ஒரு குருதி நோயின் நூற்றாண்டு வரலாறு

பகுபத உறுப்பிலக்கணம் நடத்தும் நாளில் நாம் வழக்கமாகக் கரும்பலகையில் மூன்று சொற்களை எழுதுவோம். செய்தான், செய்கிறான், செய்வான். பகுதி ஒன்றே, விகுதியும் ஒன்றே. இடையில் நிற்கும் த், கிறு, வ் என்னும் சிற்றுறுப்பு மட்டும் மாறுகிறது. அது மாறிய அளவிலேயே செயல் நேற்றுக்கும் இன்றைக்கும் நாளைக்கும் இடம்பெயர்ந்துவிடுகிறது. தனித்து நின்றால் பொருள் தராத அவ்வுறுப்பை இலக்கணம் கால இடைநிலை என்கிறது.

சில ஆண்டுகளுக்கு முன் அந்த வகுப்பில் மலைப்பகுதியிலிருந்து வந்து விடுதியில் தங்கிப் பயின்ற மாணவர் ஒருவர் இருந்தார். பாடத்தில் கூர்மை, வருகையில் குறை. குளிர் மிகுந்த நாள்களிலும், விளையாட்டு விழா முடிந்த மறுநாளிலும் வகுப்புக்கு வரமாட்டார். கேட்டால் கை கால் வலி என்பார். பார்வைக்கு நோயாளியாகத் தோன்றவில்லை. ஆகவே நாம் நம்பவில்லை. வருகைப் பதிவேட்டில் சிவப்பு மையால் சுழித்துக்கொண்டே போனோம். பருவத் தேர்வுக்கு முன் ஒருநாள் அவர் ஒரு மருத்துவ அட்டையைக் கொண்டுவந்து, ஒன்றும் பேசாமல் மேசைமேல் வைத்தார். அரிவாள் செல் இரத்தசோகை என்று அதில் எழுதியிருந்தது. அப்பெயரை நாம் அன்றுதான் முதன்முறையாகப் படித்தோம்.

அந்த வெட்கத்தில் தொடங்கிய வாசிப்பின் பயனே இக்கட்டுரை. படிக்கப் படிக்க நாம் வியந்தது ஒன்றுண்டு. மரபணுவியலின் ஒரு நூற்றாண்டுப் பயணம் முழுவதையும் இந்த ஒரு நோயின் கதையாகவே சொல்லிவிட முடியும். முதல் ஐம்பது ஆண்டுகள் 'என்ன எழுதப்பட்டிருக்கிறது' என்று தேடிய கதை. அடுத்துவந்த காலம் 'எழுதப்பட்டது எப்போது வாசிக்கப்படுகிறது' என்று தேடிய கதை. இலக்கியம் பயின்றவர் அறிவியல் எழுதுவதில் நேரும் குறைகளை அறிந்தோர் பொறுத்தருள்க.

ஓர் எழுத்துப் பிழை

1904ஆம் ஆண்டின் இறுதியில் சிகாகோ நகர மருத்துவமனை ஒன்றுக்கு ஓர் இளைஞர் வந்தார். கரீபியக் கடலில் உள்ள கிரெனடா தீவிலிருந்து பல் மருத்துவம் பயில வந்த வால்ட்டர் கிளெமென்ட் நோயல் அவர். சளி, மூச்சுத்திணறல், காலில் புண்கள். பயிற்சி மருத்துவர் எர்னஸ்ட் அயர்ன்ஸ் அவருடைய குருதியை நுண்ணோக்கியில் பார்த்தபோது, வட்டமாக இருக்கவேண்டிய சிவப்பணுக்கள் சில நீண்டு வளைந்து கதிர் அரிவாளின் வடிவில் தென்பட்டன. அவருடைய மூத்த மருத்துவர் ஜேம்ஸ் ஹெரிக் 1910இல் அதைக் கட்டுரையாக வெளியிட்டார். நோயல் படிப்பை முடித்துத் தம் தீவுக்குத் திரும்பி, பல் மருத்துவராகப் பணிசெய்து, 1916இல் நிமோனியாவால் இறந்தார். நோய்க்குப் பெயர் வந்தது; காரணம் தெரியவில்லை.

காரணத்தின் முதல் நூலிழை 1949இல் கிடைத்தது. வேதியியலாளர் லைனஸ் பாலிங்கும் அவருடைய மாணவர்களும் நலமுள்ளவரின் ஹீமோகுளோபினையும் நோயாளியின் ஹீமோகுளோபினையும் மின்புலத்தில் இட்டுப் பார்த்தார்கள். இரண்டும் வெவ்வேறு வேகத்தில் நகர்ந்தன. பெற்றோரில் ஒருவரிடமிருந்து மட்டும் இக்குறையைப் பெற்று, நோயின்றி வாழ்பவரின் குருதியில் இருவகையும் கலந்திருந்தன. ஒரு நோயின் மூலம் ஒரு மூலக்கூறின் அமைப்பில் இருக்கிறது என்று காட்டிய முதல் ஆய்வு இதுவே. 'மூலக்கூறு நோய்' என்ற தொடர் அப்போது பிறந்தது.

அந்த வேறுபாடு எவ்வளவு பெரியது? 1956-57இல் கேம்பிரிட்ஜில் வெர்னன் இங்ரம் அதை அளந்து சொன்னார். ஹீமோகுளோபினின் பீட்டா சங்கிலியில் 146 அமினோ அமிலங்கள் உள்ளன. அவற்றுள் ஆறாவது இடத்தில் குளூட்டாமிக் அமிலம் இருக்கவேண்டும். நோயாளியிடம் அங்கே வேலின் இருந்தது. டி.என்.ஏ. மொழியில் சொன்னால் ஒரே எழுத்து: 'ஏ' இருக்கவேண்டிய இடத்தில் 'டி'. ஏடு பெயர்த்து எழுதியோர் செய்த ஓரெழுத்துப் பிழையால் ஒரு பாடலின் பொருள் தலைகீழாவதைப் பதிப்பு வரலாறு அறிந்தவர்கள் அறிவார்கள். இங்கே பாழ்படுவது உடல். உயிர்வளியை இழந்ததும் இந்த ஹீமோகுளோபின் மூலக்கூறுகள் ஒன்றோடொன்று ஒட்டி நீண்ட இழைகளாகின்றன. இழைகள் சிவப்பணுவை வளைக்கின்றன. வளைந்த அணுக்கள் நுண்ணிய நாளங்களை அடைக்கின்றன. அடைபட்ட இடத்தில் பொறுக்க முடியாத வலி. நாளடைவில் மண்ணீரல், சிறுநீரகம், எலும்பு, மூளை எனச் சேதம் பரவும். நலமுள்ள சிவப்பணு ஏறத்தாழ 120 நாள்கள் வாழும். அரிவாள் அணு சில வாரங்களில் அழியும்.

நீலகிரியில் எடுத்த குருதி

இது ஆப்பிரிக்க வழியினரின் நோய் என்றே அக்காலத்தில் பலரும் எண்ணியிருந்தனர். 1952இல் அந்த எண்ணம் உடைந்தது. உடைந்த இடம் நம் நீலகிரி. ஹெர்மன் லேமன், மேரி கட்புஷ் ஆகிய இருவரும் அங்குள்ள மலைவாழ் மக்களின் குருதியைச் சோதித்து, அரிவாள் செல் பண்பு தென்னிந்தியாவில் இருப்பதைப் பிரிட்டிஷ் மருத்துவ இதழில் அறிவித்தனர். அதே ஆண்டில் அஸ்ஸாம் தேயிலைத் தோட்டத் தொழிலாளரிடமும் அது கண்டறியப்பட்டது. பின்னர் மத்திய இந்தியாவிலும் குஜராத், ஒடிசா, கேரளம் முதலிய பகுதிகளிலும், குறிப்பாகப் பழங்குடி மக்களிடையே, அது பரவியிருப்பது தெரியவந்தது.

உயிரைக் கொல்லும் பிழை ஏன் இத்தனை நிலங்களில் நிலைத்தது? 1949இல் ஜே.பி.எஸ். ஹால்டேன் இதன் உறவான தலசீமியா நோயைப் பற்றி ஓர் ஊகத்தை முன்வைத்திருந்தார். மலேரியா மிகுந்த நிலத்தில் இத்தகைய குறை ஒரு காப்பாக அமையக்கூடும் என்பது அவ்வூகம். பிற்காலத்தில் இந்தியாவில் குடியேறி, புவனேசுவரத்தில் 1964இல் மறைந்தவர் அவர். அரிவாள் செல்லுக்கு அக்கருத்து பொருந்துவதை 1954இல் ஆண்டனி ஆலிசன் கிழக்கு ஆப்பிரிக்காவில் காட்டினார். பிழையின் ஒரு படியை மட்டும் பெற்றவர் கொடிய மலேரியாவிலிருந்து பெரிதும் காக்கப்படுகிறார். இரு படிகளையும் பெற்றவர் நோயுறுகிறார். ஒருவருக்குக் கேடயமாவது அவருடைய பிள்ளைக்கு வாளாகிறது. இயற்கைத் தேர்வுக்கு அறமும் இல்லை, இரக்கமும் இல்லை. சராசரிக் கணக்கு மட்டுமே அதற்குத் தெரியும்.

பிறந்த குழந்தைக்கு ஏன் நோயில்லை?

இனி நம் கதையின் இரண்டாம் பாதி. அதைத் தொடங்கிவைத்தவர் ஒரு குழந்தை மருத்துவர். 1948இல் நியூயார்க்கின் புரூக்ளினில் பணியாற்றிய ஜேனட் வாட்சன் ஓர் எளிய உண்மையைக் கவனித்தார். பிழையைப் பெற்றுப் பிறந்த குழந்தைகளின் குருதியில் அரிவாள் அணுக்கள் மிகக் குறைவு. முதல் சில மாதங்கள் அவர்கள் நலமாகவே இருக்கிறார்கள். கருவில் உருவாகும் ஹீமோகுளோபின் வேறு வகையானது. அதுவே அவர்களைக் காக்கிறது என்று அவர் கருதினார். அக்கருத்து சரியாயிற்று.

கருப்பையில் வளரும் சிசு தாயின் குருதியிலிருந்து உயிர்வளியை ஈர்த்துக்கொள்ளவேண்டும். அதற்காக அது பீட்டா சங்கிலிக்குப் பதிலாகக் காமா சங்கிலியைக் கொண்டு ஹீமோகுளோபினைச் செய்கிறது. கரு ஹீமோகுளோபின் என்று இதற்குப் பெயர். பிறந்து ஆறு மாதம் முதல் ஓராண்டுக்குள் காமா ஓய்ந்து, பீட்டா அந்த இடத்தைப் பிடித்துக்கொள்கிறது. காமா மரபணு அழிந்துபோவதில்லை. முதுமை வரை ஒவ்வோர் அணுவிலும் பிழையின்றி எழுதப்பட்டே இருக்கிறது. வாசிப்பு மட்டுமே நின்றுவிடுகிறது.

1950களில் ஆப்பிரிக்காவில் இன்னொரு வியப்பும் தெரியவந்தது. சிலருக்கு வளர்ந்த பின்பும் காமா ஓய்வதில்லை. கரு ஹீமோகுளோபின் வாழ்நாள் முழுதும் சுரக்கிறது. அவர்களுக்கு அதனால் எந்தத் தீங்கும் இல்லை. அரிவாள் செல் பிழையும் இந்த இயல்பும் ஒருசேர வாய்த்தவர்கள் நோயின் கொடுமையின்றி வாழ்ந்தார்கள். பிழையைத் திருத்தாமலேயே நோயை வெல்ல முடியும் என்பதற்கு இயற்கை தந்த சான்று இது. காமாவை மீண்டும் எழுப்பினால் போதும். ஆனால் அதை உறங்கவைத்தது எது?

பாரிசில் பிறந்த விடை

ஒரு மரபணு எவ்வாறு உறங்குகிறது என்ற கேள்விக்கு முதல் விடை எதிர்பாராத இடத்திலிருந்து வந்தது. மனிதக் குருதியோடு தொடர்பில்லாத, குடலில் வாழும் ஈ. கோலி என்னும் பாக்டீரியாவை ஆராய்ந்தவர்கள் பாரிசின் பாஸ்டர் நிறுவனத்தில் இருந்தனர். ஃபிரான்சுவா ஜேகப் உலகப்போரில் படுகாயமுற்று, அறுவை மருத்துவராகும் கனவை இழந்து ஆய்வுக்கு வந்தவர். ஜாக் மோனோ நாஜி ஆக்கிரமிப்பை எதிர்த்த மறைமுக இயக்கத்தில் இருந்தவர்.

இவர்கள் கேட்டது ஒரு சமையலறைக் கேள்வி. பாலில் உள்ள சர்க்கரையாகிய லாக்டோஸ் கிடைக்கும்போது மட்டும் அதைச் செரிக்கும் நொதிகளைப் பாக்டீரியா செய்கிறது, கிடைக்காதபோது செய்வதில்லை. அதற்கு எப்படித் தெரிகிறது? 1961இல் இருவரும் விடை தந்தனர். புரதத்துக்கான செய்தியைத் தாங்கிய மரபணுக்கள் ஒருவகை; அவற்றைத் திறக்கவும் மூடவும் உதவுவன மற்றொரு வகை. ஓர் அடக்கிப் புரதம் மரபணுவின் முகப்பில் உள்ள குறிப்பிட்ட டி.என்.ஏ. வரிசையின்மேல் அமர்ந்து வாசிப்பைத் தடுக்கிறது. லாக்டோஸ் வந்ததும் அடக்கி விலகுகிறது, வாசிப்பு தொடங்குகிறது. 1965இல் ஆந்த்ரே லுவோஃபோடு சேர்த்து இவ்விருவருக்கும் நோபல் பரிசு கிடைத்தது.

இலக்கண ஆசிரியருக்கு இது புதிதன்று. பகுதி ஒருபுறம்; அது எப்போது நிகழவேண்டும் என்று காட்டும் இடைநிலை மறுபுறம். உவமையை மிகுதியாக நீட்டலாகாது என்பதும் உண்மை. சொல்லில் இடைநிலை பகுதியை ஒட்டியே நிற்கும். மனித மரபணுவிலோ அதைக் கட்டுப்படுத்தும் வரிசை பல்லாயிரம் எழுத்துகளுக்கு அப்பால் கிடக்கலாம். பீட்டா மரபணுக் குடும்பத்தை ஆளும் தொலைக் கட்டுப்பாட்டுப் பகுதி 1980களில் கண்டறியப்பட்டது. அது பீட்டாவிலிருந்து ஏறக்குறைய 50,000 எழுத்துகள் தள்ளி இருக்கிறது. டி.என்.ஏ. இழை கண்ணிபோல வளைந்து அவ்விரண்டையும் அணுக்கருவுக்குள் அருகருகே கொண்டுவருகிறது என்பது 2002இல் நேரடியாகக் காட்டப்பட்டது.

ஒரு குடும்பத்தின் பழங்கதை

காமாவும் பீட்டாவும் எங்கிருந்து வந்தன? 1970இல் சுசுமு ஓனோ எழுதிய நூல் மரபணுத் தொகுதியின் பரிணாமத்துக்கு ஒரு திறவுகோலைத் தந்தது. படியெடுக்கும்போது சில சமயம் ஒரு மரபணு இரண்டாகிவிடுகிறது. ஒன்று பழைய வேலையைத் தொடர, மற்றது புதிய வேலைக்கு விடுபடுகிறது. குளோபின் குடும்பம் இதற்கு நல்ல சான்று. ஆல்ஃபாவும் பீட்டாவும் சுமார் 45 முதல் 50 கோடி ஆண்டுகளுக்கு முன் ஒரே மூதாதையிலிருந்து பிரிந்தவை. இன்று மனிதரில் ஆல்ஃபா குடும்பம் 16ஆம் குரோமோசோமிலும், பீட்டா குடும்பம் 11ஆம் குரோமோசோமிலும் இருக்கின்றன. பீட்டா குடும்பத்தினர் வரிசையாக நிற்கிறார்கள்: முதலில் எப்சிலான், அடுத்து இரு காமாக்கள், பிறகு டெல்டா, இறுதியில் பீட்டா. அவ்வரிசையே வாழ்வின் வரிசையும் ஆகும். கருவின் முதல் வாரங்களில் எப்சிலான், சிசுப் பருவத்தில் காமா, பிறந்த பின் பீட்டாவும் சிறிதளவு டெல்டாவும்.

இன்னும் வியப்பு இருக்கிறது. நம் ஊர்த் தேவாங்கின் உறவினமான, ஆப்பிரிக்காவில் வாழும் காலகோவிலும் காமா மரபணு உண்டு. ஆனால் அதில் காமா கருவின் தொடக்க வாரங்களோடு ஓய்ந்துவிடுகிறது. குரங்கு, வாலில்லாக் குரங்கு, மனிதர் ஆகியோரின் பொது மூதாதையிடம் காமா இரண்டாயிற்று. அதன் வாசிப்புக் காலம் பிற்பட்ட சிசுப் பருவத்துக்கு நகர்ந்தது. இங்கே பெரிதும் மாறியது காலம். வெள்ளாடோ வேறு வழியில் அதே இடத்துக்கு வந்தது. அது பீட்டாவையே படியெடுத்து, அப்படிகளுள் ஒன்றைச் சிசுவுக்கென ஒதுக்கிக்கொண்டது.

1975இல் மேரி கிளேர் கிங், ஆலன் வில்சன் ஆகிய இருவரும் இதையே பேரளவில் சொன்னார்கள். மனிதரின் புரதங்களையும் சிம்பன்சியின் புரதங்களையும் ஒப்பிட்டால் அவை 99 விழுக்காட்டுக்கு மேல் ஒத்திருக்கின்றன. அவ்வளவு ஒற்றுமை இருந்தும் உடலும் வாழ்வும் ஏன் இத்தனை வேறு? மரபணுக்கள் எப்போது, எங்கே, எவ்வளவு வாசிக்கப்படுகின்றன என்பதில்தான் பெரும்பாலான வேறுபாடு இருக்கவேண்டும் என்றனர். 2001இல் மனித மரபணுத் தொகுதியின் முன்வரைவு வெளியானபோது அக்கூற்றின் வலிமை புரிந்தது. ஒரு லட்சம் மரபணுக்கள் இருக்கும் எனப் பலர் எண்ணியிருந்த இடத்தில், இன்றைய கணக்குப்படி புரதம் செய்வன ஏறத்தாழ 20,000 மட்டுமே. ஒரு மில்லிமீட்டர் நீளமுள்ள மண்புழுவினும் சிறிய ஓர் உருளைப்புழுவுக்கும் ஏறக்குறைய அவ்வளவுதான். 300 கோடி எழுத்துகளில் புரதத்துக்கானவை 2 விழுக்காட்டுக்கும் குறைவு. எஞ்சியதில் பெரும்பகுதி பழைய படிகளும் எச்சங்களும்தான். அந்தக் குவியலின் நடுவேதான் காலம் காட்டும் வரிசைகளும் சிதறிக் கிடக்கின்றன.

அடக்கியைக் கண்டுபிடித்தல்

காமாவை எழுப்பும் முயற்சிகள் 1980களிலேயே தொடங்கிவிட்டன. ஹைட்ராக்சியூரியா என்னும் பழைய மருந்து கரு ஹீமோகுளோபினைக் கூட்டுவது கண்டறியப்பட்டது. 1995இல் வெளியான பெரிய ஆய்வு, அது வலி நெருக்கடிகளைக் குறைப்பதைக் காட்டியது. 1998இல் அமெரிக்காவில் இந்நோய்க்கு ஏற்பு கிடைத்தது. மருந்து வேலைசெய்தது. ஆயினும் காமாவை அடக்கியது எது என்பது தெரியவில்லை.

விடை 2007-2008இல் வந்தது. கரு ஹீமோகுளோபின் சற்றுக் கூடுதலாக இருப்போரின் மரபணுத் தொகுதியையும் குறைவாக இருப்போரின் தொகுதியையும் எழுத்தெழுத்தாக ஒப்பிட்டபோது, யாரும் எதிர்பாராத ஓரிடம் தனித்துத் தெரிந்தது. 2ஆம் குரோமோசோமில் உள்ள பி.சி.எல்.11.ஏ என்ற மரபணு அது. பாஸ்டனில் ஸ்டூவர்ட் ஆர்க்கினின் ஆய்வகத்தில் விஜய் சங்கரனும் பிறரும், அம்மரபணுவின் புரதமே காமாவை அடக்குகிறது என்று 2008இல் காட்டினர். ஜேகப்பும் மோனோவும் பாக்டீரியாவில் கண்ட அடக்கி, 47 ஆண்டுகள் கழித்து மனிதக் குருதியிலும் முகம் காட்டியது. 2018இல் அது காமாவின் முகப்பில் எந்த எழுத்துகளின்மேல் அமர்கிறது என்பதும் தெளிவாயிற்று. வாழ்நாள் முழுதும் காமா ஓயாத குடும்பங்கள் சிலவற்றில் சிதைந்திருந்தது அதே எழுத்துவரிசைதான்.

அப்படியானால் அந்த அடக்கியை அழித்துவிடலாமே என்று தோன்றும். அதில் ஓர் இடர் இருந்தது. அதே புரதம் மூளை வளர்ச்சிக்கும் நோய் எதிர்ப்பணுக்களுக்கும் தேவை. இங்கும் இடைநிலையே உதவியது. 2013இல் டேனியல் பாயரும் குழுவினரும் அம்மரபணுவுக்குள்ளேயே, புரதமாக வாசிக்கப்படாத ஒரு பகுதியில், ஓர் ஊக்க வரிசையைக் கண்டார்கள். அது சிவப்பணுவின் தாயணுக்களில் மட்டும் அடக்கியின் வாசிப்பைத் தூண்டுவது. அதை வெட்டினால் குருதியில் மட்டும் அடக்கி குறையும். மூளையில் அதன் பணி தொடரும்.

வெட்டும் கருவி அப்போதுதான் கிடைத்திருந்தது. ஜெனிஃபர் டௌட்னா, எம்மானுவேல் சார்பென்டியே ஆகிய இருவரும் 2012இல் விளக்கிய கிரிஸ்பர் முறைக்கு 2020இல் நோபல் பரிசு வழங்கப்பட்டது. அதற்கு முந்தைய ஆண்டே, 2019இல், விக்டோரியா கிரே என்ற அமெரிக்கப் பெண்மணி இந்நோய்க்கு இம்முறையில் சிகிச்சை பெற்றிருந்தார். நோயாளியின் எலும்பு மஜ்ஜைத் தாயணுக்களை வெளியே எடுத்து, அந்த ஊக்க வரிசையை வெட்டி, மீண்டும் உடலில் சேர்க்கிறார்கள். காமா விழிக்கிறது. பீட்டாவில் உள்ள ஓரெழுத்துப் பிழை அப்படியே இருக்கிறது. அதைத் தொடவே இல்லை. 2023 நவம்பரில் பிரிட்டனும் டிசம்பரில் அமெரிக்காவும் இச்சிகிச்சைக்கு ஒப்புதல் அளித்தன. உலகில் ஏற்புப் பெற்ற முதல் கிரிஸ்பர் சிகிச்சை இதுவே.

மலைக்குத் திரும்பும் வழி

இந்த இடத்தில் வெற்றிக் கதையாகக் கட்டுரையை முடித்துவிடலாம். ஆனால் மேசைமேல் வைக்கப்பட்ட அந்த அட்டை நம்மை விடவில்லை. அமெரிக்காவில் இச்சிகிச்சைக்கு அறிவித்த விலை 22 லட்சம் டாலர். அன்றைய மதிப்பில் சுமார் 18 கோடி ரூபாய். அதோடு முடிவதில்லை. பழைய மஜ்ஜையை அழிக்கக் கடும் மருந்து தரவேண்டும், அதனால் மகப்பேறு இயலாமல் போகும் வாய்ப்பும் உண்டு, வாரக்கணக்கில் மருத்துவமனைவாசம். 1952இல் குருதி தந்த மலைமக்களின் பேரப்பிள்ளைகளுக்கு இது எட்டும் தொலைவில் இல்லை.

எட்டக்கூடியவை வேறு உண்டு. குழந்தை பிறந்ததும் குருதியைச் சோதிப்பது. இளங்குழந்தைகளுக்குப் பெனிசிலினும் தடுப்பூசியும் தருவது. உரிய வயதில் ஹைட்ராக்சியூரியா தொடங்குவது. பெனிசிலின் ஒன்றே உயிர்கொல்லும் தொற்றுகளைப் பெரிதும் குறைப்பதை 1986ஆம் ஆண்டின் ஆய்வு காட்டியது. இவை எவையும் கோடிகளைக் கேட்பன அல்ல. மலையேறிப் போகும் செவிலியரையும், மருந்து தீர்ந்துபோகாத ஆரம்ப சுகாதார நிலையத்தையும் கேட்பவை. 2023 ஜூலையில் மத்தியப் பிரதேசத்தின் ஷாடோலில் தொடங்கப்பட்ட தேசிய அரிவாள் செல் ஒழிப்பு இயக்கம், 40 வயது வரையுள்ள 7 கோடிப் பேரைச் சோதிப்பதாக அறிவித்தது. தமிழ்நாடும் அதில் உள்ளடங்கிய மாநிலம்.

சோதனையிலும் எச்சரிக்கை வேண்டும் என்று வரலாறு சொல்கிறது. 1970களில் அமெரிக்காவில் பெருமளவில் சோதனைகள் நடந்தபோது, நோயே இல்லாமல் ஒரு படியை மட்டும் சுமப்பவர்களும் வேலையிலும் காப்பீட்டிலும் ஒதுக்கப்பட்டனர். அந்நாட்டு விமானப்படைக் கல்விக்கழகம் 1981 வரை அவர்களைச் சேர்க்க மறுத்தது. ஏற்கெனவே பல வகையில் ஒதுக்கப்பட்ட பழங்குடி மக்களின் கையில் இன்னொரு வண்ண அட்டையைக் கொடுக்கும்போது, அது மருந்துக்கான அட்டையாக இருக்கவேண்டும். பெண் பார்க்கும் வீட்டில் திருப்பி அனுப்புவதற்கான அட்டையாக ஆகிவிடக்கூடாது.

நம்பிக்கைக்கும் இடமுண்டு. நம் நாட்டின் அரிவாள் செல் நோயாளிகள் பலரிடம் அப்பிழை அரபு-இந்திய வகை எனப்படும் மரபுப் பின்னணியில் வருகிறது. அப்பின்னணியில் காமா மரபணு ஒன்றின் முகப்பில் இன்னோர் எழுத்து மாறியிருக்கிறது; அவர்களிடம் கரு ஹீமோகுளோபின் சராசரியாகக் கூடுதல். அதனால் எல்லோருக்கும் நோய் எளிதாக இருப்பதில்லை. கடுமையாகத் துன்புறுவோரும் பலர். ஆயினும் வாசிப்பைத் திறக்கும் வழி இம்மண்ணின் குருதியிலேயே ஓரளவு எழுதப்பட்டிருக்கிறது என்பதற்கு இது சான்று. வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரி வளாகத்தில் உள்ள தண்டணு ஆய்வு மையத்தினர், காமாவின் முகப்பில் ஒவ்வோர் எழுத்தாக மாற்றி, எம்மாற்றங்கள் அதை எழுப்புகின்றன என்று 2022இல் பட்டியலிட்டார்கள். டி.என்.ஏ.வின் இரு இழைகளையும் வெட்டாமல் எழுத்தை மட்டும் மாற்றும் முறை அது. ஆய்வகத்துக்கும் மலைக்கும் இடையே நெடுந்தொலைவு இருக்கிறது. ஆனால் அந்த ஆய்வகம் நீலகிரி இருக்கும் அதே மாநிலத்தில் இருக்கிறது.

அம்மாணவர் தேர்ச்சி பெற்று இப்போது ஒரு பள்ளியில் தமிழ் கற்பிக்கிறார். நாள்தோறும் ஹைட்ராக்சியூரியா எடுத்துக்கொள்கிறார். மாதந்தோறும் அது கிடைக்கிறதா என்பதே அவருடைய கவலை. அண்மையில் பேசும்போது, குளிர் தொடங்கிவிட்டதென்றும், வகுப்பில் பகுபத உறுப்பிலக்கணம் நடத்திக்கொண்டிருப்பதாகவும் சொன்னார். வருகைப் பதிவேட்டில் நாம் சிவப்பு மையால் சுழித்த நாள்கள் எத்தனை என்று அவர் கேட்கவில்லை. அந்த எண்ணிக்கை நமக்கு நினைவிருக்கிறது.